நீண்ட ஆயுளும் இதயக் காவலும்



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பல ஊர்களில் வாழும் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடும் நாள் இது. வீட்டுக்குள்கூட வாய்விட்டுப் பேசப்படாத ஒரு செய்தியை அனைவரும் சேர்ந்து கேட்பதற்கு இத்தகைய நாளே ஏற்றது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு நேரும் இதய நோய்களும் இரத்த நாள நோய்களுமே இவ்வுரையின் பொருள்.

இதற்கும் நம் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் உண்டு. இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இத்தொற்றுடன் வாழ்கிறார்கள். கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற இல்லத்தரசிகள் அவர்களுள் உள்ளனர். தாயிடமிருந்து தொற்றுடன் பிறந்து இன்று கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் உள்ளனர். முறையான சோதனை நடைமுறைக்கு வருமுன் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுப் பெற்றவர்களும் உள்ளனர். இந்த நோய் வீட்டு வாசலில் நின்று குலமும் குணமும் விசாரித்துவிட்டு உள்ளே வருவதில்லை. எவ்வழியில் வந்தது என்னும் கேள்வி ஒருவருடைய இதயத்தைக் காப்பாற்றவும் உதவுவதில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான ஒருவகை நுரையீரல் அழற்சி ஏற்பட்ட செய்தி வெளியாயிற்று. 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்குக் காரணமான வைரஸ் கண்டறியப்பட்டது. அதனைக் கண்டறிந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லூக் மோன்தான்யேயும் 2008-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்ட இடம் சென்னை. 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே அதனை வெளிக்கொணர்ந்தது. தமிழகம் இந்நோயைத் தொலைவில் இருந்து கேள்விப்பட்ட நாடன்று. முதலில் கண்டுகொண்ட நாடு.

அக்காலத்தில் இத்தொற்று உறுதியாவதை மக்கள் மரண ஓலையாகவே கருதினர். 1996-ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் வந்தபின் நிலைமை மாறியது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களுள் ஒன்று. அன்று 30 வயதில் அங்கு வரிசையில் நின்று மாத்திரை வாங்கியவர், இன்று 50 வயதைக் கடந்து, மகளுக்குத் திருமணம் முடித்து, பேரப்பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டிருக்கலாம். மருத்துவம் அவருக்கு ஆயுளை மீட்டுத் தந்தது. ஆயுள் நீளும்போது, எல்லா மனிதருக்கும் முதுமையில் வரும் நோய்கள் அவருக்கும் வருகின்றன. சற்று முன்னதாகவே வருகின்றன. அவற்றுள் முதன்மையானது இதய நோய்.

மருந்தில்லாத காலத்தில் இத்தொற்று இதயத்தைத் தாக்கிய முறை வேறு. காசநோயால் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். இதயத் தசை தளர்ந்து, இதயம் விரிந்து போகும். உடலின் எதிர்ப்பாற்றல் வீழ்ந்ததன் விளைவுகள் இவை. கூட்டு மருத்துவம் வந்தபின் இவை குறைந்தன. மாறாக, தமனிகளில் கொழுப்புப் படிவு சேர்ந்து உண்டாகும் மாரடைப்பும் பக்கவாதமும் தலைதூக்கின.

இதற்குக் காரணம் மருந்தா, நோயா என்னும் கேள்வி எழுந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. கூட்டு மருந்துகளை உட்கொள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பின் இடர் ஏறத்தாழ 26 விழுக்காடு உயர்வதாக அது கூறியது. ஆயினும் மாரடைப்பு வந்தோரின் மொத்த எண்ணிக்கை சிறியதே என்பதையும் அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அக்காலத்து மருந்துகள் சில இரத்தத்தில் கொழுப்பை மிகுவித்தன என்பது உண்மை. அபகாவிர் என்னும் மருந்தின் மீதும் பின்னர் ஐயம் எழுந்தது.

இச்செய்தி பரவியதும், மருந்தைச் சில காலம் நிறுத்தி வைத்தால் இதயம் தப்பிக்குமே என்னும் எண்ணம் பலருக்குத் தோன்றிற்று. அதனைச் சோதித்துப் பார்க்கவும் ஓர் ஆய்வு நடந்தது. 33 நாடுகளில் 5,472 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருந்தை இடைவிடாது உட்கொண்டனர். மற்றொரு பிரிவினர், எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 350-க்கு மேல் இருக்கும்போது மருந்தை நிறுத்தி, அது 250-க்குக் கீழ் இறங்கியபின் மீண்டும் தொடங்கினர். 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த ஆய்வில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மருந்தை விட்டு விட்டு உட்கொண்டவர்களில் 55 பேர் இறந்திருந்தனர். தொடர்ந்து உட்கொண்டவர்களில் 30 பேர். இறப்பு மட்டுமன்று, இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும் கடும் நோய்களும் நிறுத்தியவர்களுக்கே மிகுதியாக வந்தன. இதயத்தைக் காக்கலாம் என்று மருந்தை நிறுத்தியவர்களின் இதயமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. கட்டுக்குள் இல்லாத வைரஸே இதயத்துக்குப் பெரும்பகை என்பது அன்று தெளிவாயிற்று. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாகாது என்னும் அறிவுரையின் பின்னால் இத்தனை உயிர்களின் சான்று நிற்கிறது.

அப்படியானால் மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர்களுக்கு ஏன் மாரடைப்பு வருகிறது? இதனை விளங்கிக்கொள்ளத் தமிழில் ஓர் அரிய சொற்றொடர் உண்டு: நீறுபூத்த நெருப்பு. மருந்து வைரஸை அடக்குகிறது, அடியோடு அழிப்பதில்லை. சில அணுக்களுக்குள் அது ஒளிந்து கிடக்கிறது. மேலும், தொற்று வந்த முதற்சில வாரங்களிலேயே குடலின் உட்சுவரில் உள்ள காவல் அணுக்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. அச்சுவர் பின்னர் முழுமையாகச் சீராவதில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துகள்கள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகின்றன. பகைவன் வந்துவிட்டான் என்று எண்ணி உடலின் பாதுகாப்புப் படை ஓயாமல் விழித்திருக்கிறது. இந்த ஓயாத விழிப்பே அழற்சி. அது தமனிகளின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. அங்கே கொழுப்பு எளிதில் தங்குகிறது. இரத்தமும் எளிதில் உறைகிறது. அவ்வாறு சேரும் படிவு பெரும்பாலும் மென்மையானது. அது ஒருநாள் வெடித்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, ஓட்டம் தடைபடுகிறது. இதயத்தில் நிகழ்ந்தால் மாரடைப்பு. மூளையில் நிகழ்ந்தால் பக்கவாதம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 82,459 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பின்னரும், தொற்று உள்ளவர்களுக்கு மாரடைப்பின் இடர் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. வைரஸ் அளவு நன்கு அடங்கியிருந்தவர்களிடமும் ஓரளவு கூடுதல் இடர் தென்பட்டது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2018-இல் வெளியான மதிப்பீடு, இதய இரத்த நாள நோய்கள் இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வாய்ப்புடன் வருவதாகக் கூறுகிறது.

இத்தகைய எண்களைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. தடுக்கும் வழியும் கண்டறியப்பட்டுள்ளது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் 7,769 பேர் ஒரு பெரும் ஆய்வில் பங்கு கொண்டனர். அவர்கள் 40 முதல் 75 வயது வரையிலானவர்கள், எச்.ஐ.வி. மருந்தைத் தவறாது உட்கொண்டவர்கள். வழக்கமான கணக்கின்படி இதய நோயின் இடர் மிகுதியாக இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பாதியினருக்குப் பிட்டவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் நாள்தோறும் தரப்பட்டன. ஐந்தாண்டு அளவில், மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. பயன் தெளிவானதால் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்பே முடிக்கப்பட்டு, 2023-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் சிலருக்குத் தசைவலியும், சற்றுக் கூடுதலானோருக்குச் சர்க்கரை நோயும் காணப்பட்டன என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆகவே இம்மாத்திரை ஒருவருக்குத் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டுவன உண்டு. முதலாவது புகையை விடுதல். டென்மார்க் நாட்டில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நல்ல மருத்துவம் பெறும் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் தொற்றினால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 5 ஆண்டுகள் என்றும், புகைப்பதனால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் என்றும் கணக்கிட்டது. பெயரைக் கேட்டாலே உலகம் நடுங்கும் வைரஸைவிட, பெட்டிக்கடையில் எளிதாகக் கிடைக்கும் சிகரெட் கூடுதல் ஆண்டுகளைப் பறித்துவிடுகிறது.

இரண்டாவது, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் காலந்தோறும் அளந்து பார்த்தல். மாதந்தோறும் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சென்று மாத்திரை வாங்குபவர்கள் சி.டி.4 எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்வார்கள். தம் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். இரு எண்களும் ஒரே உயிரைக் காப்பவை.

மூன்றாவது உணவு. மரக்கறி உணவு உண்போருக்கு மாரடைப்பு வராது என்னும் நம்பிக்கை நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. காய்கறி, கீரை, பருப்பு, பழம் ஆகியவை இதயத்துக்கு உற்ற துணைதான். ஆனால் இலை நிறையச் சோறும், எண்ணெயில் பொரித்த பலகாரமும், நெய்யூறிய இனிப்பும், உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும் மரக்கறியே ஆனாலும் தமனிக்கு நன்மை செய்வதில்லை. இக்காலத்தில் பரவலாக வழங்கப்படும் டோலுடெகிராவிர் மருந்து வைரஸை அடக்குவதில் சிறந்தது. எனினும் அதனை உட்கொள்ளும் சிலருக்கு உடல் எடை கூடுகிறது. ஆகவே தட்டின் அளவிலும் நாள்தோறும் நடக்கும் நடையிலும் கருத்துச் செலுத்த வேண்டும்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டுவது நோன்பு நாள்களைப் பற்றியது. உணவை விடும் நாளில் மாத்திரையையும் விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. டோலுடெகிராவிரை உணவோடும் உணவின்றியும் உட்கொள்ளலாம். அட்டசனாவிர் போன்ற சில மருந்துகளை உணவோடுதான் உட்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வெறும் வயிற்றில் உட்கொண்டால் ஆபத்தும் நேரலாம். ஆகவே நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் நேரத்தைக் கேட்டு அமைத்துக்கொள்வது இன்றியமையாதது. இரவில் உண்ணாதவர்கள் மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்ற இயலுமா என்று கேட்டறியலாம்.

இனிக் கூறப்போவதே இவ்வுரையின் உயிர்நாடி.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவருக்கு வயது 52. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மாத்திரை உட்கொள்கிறார். மனைவி ஒருவருக்கு மட்டுமே அது தெரியும். மாத்திரைப் புட்டியின் மேலொட்டைக் கிழித்துவிட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு இறுகுகிறது, வியர்க்கிறது. வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் குடித்து ஒரு மணி நேரம் போகிறது. பின்னர் மைத்துனர் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார். அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கிறார்: “வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா?” மனைவி மைத்துனரின் முகத்தைப் பார்க்கிறார். “ஒன்றும் இல்லை, டாக்டர்” என்கிறார்.

அந்த ஒரு சொல்லால் விளையக்கூடியவை எவை? எச்.ஐ.வி.க்கான இரண்டாம் நிலை மருந்துகளோடு ரிட்டோனாவிர் என்னும் துணை மருந்து சேர்க்கப்படுவதுண்டு. கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அது தடுத்துவிடுகிறது. மாரடைப்புக்குப்பின் இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் டிகாக்ரெலார் மருந்து அதனுடன் சேர்ந்தால் உடலில் அளவுக்கு மீறித் தங்கி, இரத்தக் கசிவை உண்டாக்கலாம். அதே பணிக்குத் தரப்படும் குளோபிடோக்ரெல் மருந்தோ தன் ஆற்றலை இழக்கலாம். அப்போது புதிதாகப் பொருத்திய ஸ்டென்டிலேயே இரத்தம் உறையும் அபாயம் எழுகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்து ரிட்டோனாவிருடன் சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். டோலுடெகிராவிர் இத்தகைய இடையூறுகளைப் பெரிதும் செய்வதில்லை. எனினும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினின் அளவை அது இரத்தத்தில் உயர்த்துகிறது. நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்துகளையும் அதனையும் ஒரே நேரத்தில் உட்கொள்ளலாகாது. உண்மை தெரிந்த மருத்துவருக்கு இவை யாவும் எளிய கணக்கு. மாற்று மருந்து கைவசம் உண்டு. தக்க அளவும் தெரியும். உண்மை தெரியாத மருத்துவர் நல்லெண்ணத்தோடு தரும் மருந்தே தீங்காகிவிடும்.

மற்றொரு தீங்கும் உண்டு. அவர் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். மாத்திரைப் புட்டி பீரோவிலேயே கிடக்கிறது. இதயம் மிகவும் நலிந்திருக்கும் அந்த நாள்களில்தான் வைரஸுக்கு வேலி திறந்து விடப்படுகிறது.

மனைவி பொய் சொன்னது அவருடைய குற்றமா? சொன்னால் உறவினர் பாத்திரத்தைத் தனியே வைப்பார்கள். மகளின் சம்பந்தம் முறியும். மருத்துவமனைப் பணியாளர் முகம் சுளிப்பார்கள் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை அவருக்குக் கற்பித்தது சுற்றமும் சமூகமுமே. எச்.ஐ.வி. தொடுவதால் பரவுவதில்லை, ஒரே தட்டில் உண்பதால் பரவுவதில்லை. மருந்தைத் தவறாது உட்கொண்டு, சோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கிய நிலை நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியாகவும் அது துணைவருக்குப் பரவுவதில்லை என்று ஆய்வுகள் நிறுவியுள்ளன. நாடாளுமன்றம் 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இத்தொற்றைக் காரணம் காட்டி மருத்துவமோ கல்வியோ வேலையோ மறுப்பதைத் தடை செய்கிறது. மருத்துவரிடம் சொன்ன செய்தியைக் காக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. மைத்துனரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் மட்டும் தனியே பேச நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. நெஞ்சில் இறுக்கமோ, இடத்தோள், தாடை, முதுகு ஆகியவற்றில் பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையோ, மூச்சுத்திணறலோ தோன்றினால் கஷாயம் காய்ச்சும் நேரம் அதுவன்று; 108-ஐ அழைக்கும் நேரம். முகம் ஒருபுறம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அவ்வாறே விரைய வேண்டும். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் தம் மருந்துகளின் பெயர்களை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கட்டும். நோயின் பெயரை எழுதத் தயங்கினால் மருந்தின் பெயர் மட்டும் போதும். படிக்கும் மருத்துவருக்கு அது விளங்கும். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் மாத்திரையும் உடன் செல்லட்டும்.

தொற்று இல்லாத குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளைகளின் முன்னிலையில் இந்நோயைப் பற்றி இழிவாகப் பேசாதிருத்தல் அது. கூடத்தில் அமர்ந்து யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்லும் ஏளனச் சொல், அடுத்த அறையில் மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் ஒருவரின் வாயை அடைத்துவிடும். அந்த வாய் என்றோ ஒருநாள் அவசரப் பிரிவில் திறக்க வேண்டியிருக்கும். அன்று அந்த மனைவி மைத்துனரின் முகத்தைப் பார்த்துத் தயங்காமல், மாத்திரைப் புட்டியை எடுத்து மருத்துவரின் கையில் கொடுக்கும் துணிவு பெற வேண்டும். அத்துணிவைத் தரவல்லவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கும் உற்றாரும் உறவினருமே.

அனைவரும் நலமுடன் நீடு வாழ்க.